சனிக்கிழமை எண்ணெய்

நோட்டன் பிரிட்ஜ்
18.06.2006

அன்புள்ள ரோகினிக்கு,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக எண்ணெய் காய்ச்சினேன். முகம்கூடக் கழுவவில்லை. ஒரு போத்தல் நல்லெண்ணெய், ஒரு கரண்டி மிளகு, ஒரு கரண்டி சீரகம். மிளகு வெடித்து அடங்கும்வரை அடுப்பருகில் நின்றேன். உன் அத்தான் எட்டிப் பார்த்து, "விடியக்காலையில யாருக்கு எண்ணெய்?" என்றார். "எனக்குத்தான், தலைவலி" என்றேன். பொய் இவ்வளவு சுலபமாக வருகிறது.

உன் கடிதம் வந்து ஆறு வாரம் ஆகிவிட்டது. பதில் எழுத உட்கார்ந்தால் 'அன்புள்ள' என்ற சொல்லுக்கு அப்பால் பேனா நகரவில்லை. நான் சரியாக விளங்கிக்கொண்டேனா என்று பார்க்க, நீ எழுதியதைத் திரும்பச் சொல்கிறேன். வகுப்பில் பிள்ளைகளிடமும் இப்படித்தான் கேட்பேன். பதினைந்து மாதமாக நீ ஆண்களின் சுரப்பு மருந்தைப் பூசிக்கொள்கிறாய். தினமும் காலையில் ஒரு பைக்கற், களி மாதிரி, இரண்டு தோள்களிலும். மீசை அரும்புகிறது. இனிமேல் நீ பெண்ணாக வாழப்போவதில்லை. சின்னராசா என்று பெயரையும் மாற்றிக்கொண்டாய்.

அப்பா உன்னைச் 'சின்னராசா' என்று கூப்பிட்டது சோறு ஊட்டுவதற்காக. அதை நீ இத்தனை வருடம் பத்திரமாக வைத்திருந்தாய் என்பது எனக்குத் தெரியாது.

பெப்ரவரியில் அம்மா படுக்கையில் இருந்தபோது நீ எடுத்த தொலைபேசி அழைப்பையும் சொல்லவேண்டும். அத்தான்தான் எடுத்தார். "யாரோ ஒரு ஆம்பள, ஒம்பேரச் சொல்லிக் கேக்கிறான்" என்று என்னிடம் கொடுத்தார். நீ "அக்கா" என்றாய். அந்த 'அக்கா' உன்னுடையதுதான். குரல் உன்னுடையது இல்லை. நான் வைத்துவிட்டேன். அடுத்த மாதம் அம்மா போனாள்.

எனக்குக் கோபம் வரவில்லை. அழுகையும் வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் போல இருக்கிறது. தட்டிப் பார்க்கிறேன், இருக்கிறது, தெரியவில்லை.

உன் கடிதத்தில் எனக்கு விளங்கியது ஒரே ஒரு வரி: உடம்பு சூடாக இருக்கிறது, முதுகெல்லாம் பரு, சலவை மெஷினோடு நின்று தோள் இரண்டும் கழன்று போகின்றன. அதற்கு மட்டும் என்னால் ஏதாவது செய்ய முடியும். எண்ணெய் அனுப்புகிறேன். காலையில் கொஞ்சம் எடுத்துத் தோளில் நன்றாகத் தேய். வெள்ளிக்கிழமை தலைக்கு வைத்து முழுகு. அம்மா நம் இரண்டு பேருக்கும் வைத்தது போல.

அக்கா
ஜெயமலர்


லண்டன்
23.07.2006

அன்புள்ள அக்காவுக்கு,

போத்தல் வந்து சேர்ந்தது. பால்மா டின்னுக்குள் வைத்து, சுற்றிவரப் பழைய சேலைத் துணி அடைத்திருந்தீர்கள். ஒரு சொட்டும் சிந்தவில்லை. மூடியைத் திறந்தபோது என் அறை பத்து நிமிடம் நம் தேயிலைத் தோட்டத்து லயத்துக் காம்பராவாக இருந்தது. பிறகு பக்கத்து அறைக்காரர் கதவைத் தட்டி, ஏதாவது எரிகிறதா என்று கேட்டார்.

ஒரு வேண்டுகோள். உறையில் ரோகினி என்று எழுதாதீர்கள். சண்டைக்குச் சொல்லவில்லை. கீழ்க் கதவில் அந்தப் பெயர் இல்லாததால் தபால்காரர் பார்சலை ஒரு தடவை திருப்பிக் கொண்டுபோய்விட்டார்.

நீங்கள் விளங்கிக்கொண்டது சரி. ஒன்றைச் சேர்க்கவேண்டும். மருந்து சரியாக இறங்குகிறதா என்று அடிக்கடி இரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். ஏப்ரலில் என் அளவு பதினெட்டு. நல்ல எண் என்றார்கள். நர்ஸ் கடதாசியைப் பார்க்கும் அந்த இரண்டு நிமிடமும், கொழுந்து மடுவத்தில் தராசுக்கு முன்னால் அம்மா நிற்பாளே, அப்படி நிற்பேன். கொழுந்து குறைந்தால் அரைப்பேர்தான் விழும், நாள் முழுக்க மழையில் நின்றதும் பாதி நாளாகிவிடும். ஏப்ரலில் எனக்கு முழுப்பேர்.

மருந்து காயும்வரை அந்த இடத்தை வேறு யாரும் தொடக்கூடாதாம். அவர்கள் உடம்பிலும் ஏறிவிடுமாம். வீட்டில் பெண்கள், குழந்தைகள் இருந்தால் கவனம் என்று நர்ஸ் மூன்று தடவை சொன்னார். என்னைத் தொட ஆளில்லை, பயப்படாதீர்கள் என்றேன். அவர் சிரிக்கவில்லை.

அம்மா செத்ததைப் பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகுதான் எழுதினீர்கள். ஏன் என்று இதுவரை நான் கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை.

பிள்ளை லோஜினி என்ன உயரம் இப்போது?

சின்னராசா


நோட்டன் பிரிட்ஜ்
10.09.2006

உனக்கு,

இரண்டாவது போத்தல் அனுப்பியிருக்கிறேன். முதல் போத்தல் ஆகஸ்டிலேயே தீர்ந்திருக்கும்.

தபால் கந்தோரில் பார்சலுக்குப் படிவம் நிரப்பவேண்டும். கவுண்டரில் இருப்பவள் புதிதாக வந்த சிங்களப் பிள்ளை. உன் புதுப் பெயரை நான் எழுதியதை எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு, "மே கவுத, டீச்சர்?" என்றாள், இது யார் என்று. என் வாயில் "மல்லி" என்று வந்துவிட்டது. தம்பி என்று. அவள் தலையாட்டி முத்திரையைக் குத்தினாள். வெளியே வந்து பஸ் தரிப்பிடத்தில் நின்றபோதுதான் நான் சொன்னது எனக்கே விளங்கியது. சிங்களத்தில் சொல்ல இலகுவாக இருந்தது. தமிழில் அந்தச் சொல் இன்னும் வரவில்லை. வராததை வந்ததாக எழுதமாட்டேன்.

வேறு ஒன்று. யாரிடமும் சொல்லவில்லை, உன்னிடம் எழுதுகிறேன். நான்கு மாதமாக எனக்கு ஒழுங்கில்லை. ஒரு மாதம் வரும், இரண்டு மாதம் வராது. வகுப்பில் நிற்கும்போது காதுவரை நெருப்புப் பிடிக்கிறது. இந்தக் குளிரில் எனக்கு வியர்க்கிறது. பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். ஹட்டனில் ஒரு லேடி டொக்டரிடம் போனேன். "சொரப்பு ஏறி எறங்குது டீச்சர், நாப்பத்தி நாலு வயசுல இது சகஜம்" என்றார். உன் கடிதத்தில் இருந்த அதே சொல். பஸ்ஸில் திரும்பி வரும்போது உன்னை நினைத்துக்கொண்டேன். என்ன நினைத்தேன் என்று கேட்டால் தெரியாது.

லோஜினி என் காது உயரம் வந்துவிட்டாள்.

அக்கா


லண்டன்
22.10.2006

அக்கா,

நீண்ட கடிதம் எழுத முடியவில்லை.

ஆகஸ்டில் எண் ஏழுக்கு விழுந்தது. மருந்தைப் பூச மறந்தாயா என்று கேட்டார்கள். ஒரு நாளும் மறக்கவில்லை. செப்டெம்பரில் பதினேழு. சரி, தப்பினோம் என்றிருந்தேன். போன திங்கட்கிழமை ஆறு. வைத்தியருக்குக் காரணம் தெரியவில்லை. ஏறி இறங்குவதற்கு ஒரு படம் கீறிக் காட்டினார், நம் பக்கத்து மலைகள் மாதிரி.

எண் விழும்போது நானும் விழுகிறேன். துக்கம் என்று சொல்ல முடியாது. துக்கம் இருந்தால் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். காலையில் எழுந்து, வேலைக்குப் போய், வெள்ளை விரிப்புகளை மடித்து, திரும்பி வருகிறேன். சாப்பிட்டேனா என்று பாத்திரத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன்.

பத்தொன்பதாம் திகதி சலவைக் கூடத்தில் எனக்குத் திரும்ப வந்துவிட்டது. பதினொரு மாதத்துக்குப் பிறகு. இனி வராது என்று நினைத்திருந்தேன். ஆண்கள் கழிவறையில் குப்பைக்கூடை கிடையாது. எல்லாவற்றையும் சுற்றிச் சாப்பாட்டுப் பெட்டிக்குள் வைத்து மூடி, வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பஸ்ஸில் அந்தப் பெட்டி என் மடியில் இருந்தது. பக்கத்தில் இருந்த கிழவர், "என்ன தம்பி, இன்று வேலை அதிகமா?" என்று இங்கிலீஷில் கேட்டார். ஆம் என்றேன்.

உங்களுக்கு நிற்கப்போகிறது, எனக்குத் திரும்புகிறது. இரண்டு பேரும் சேர்ந்து சிரிக்கவேண்டிய விஷயம். பிறகு ஒரு நாள் சிரிப்போம்.

இரண்டாவது போத்தல் வந்ததிலிருந்து எண்ணெய் மட்டும் தவறுவதில்லை. முதலில் எண்ணெய், அது தோளில் நன்றாக ஊறியதும் அதன் மேல் மருந்து. காலையில் எனக்கு இருக்கும் ஒரே நல்ல வேலை அதுதான்.

சி.


நோட்டன் பிரிட்ஜ்
26.11.2006

உனக்கு,

லோஜினி இந்த மாதம் ஒன்பதாம் திகதி பெரியவளாகிவிட்டாள். பாடசாலையிலிருந்து வரும் வழியில். என்னிடம் நேரே சொல்லாமல், "அம்மா, கோபிக்க மாட்டீங்கதானே?" என்று தொடங்கினாள். தண்ணீர் ஊற்றி உள்ளே வைத்தோம். சடங்கை இப்போது செய்ய முடியாது. அம்மாவின் வருடம் முடியட்டும் என்று ஏப்ரல் விடுமுறைக்கு வைத்திருக்கிறோம்.

தாய்மாமன் இல்லாமல் சடங்கு ஏது? மாமன்தான் சீர் கொண்டுவரவேண்டும், மாமன்தான் மாலை போடவேண்டும். நமக்குக் கூடப்பிறந்த ஆண் இல்லையே. அதனால் நல்லதண்ணியிலிருந்து செல்லசாமி அண்ணனைக் கேட்டோம். அம்மாவின் பெரியம்மா மகள் வழி. சிவனொளிபாதமலை யாத்திரைப் பருவத்துக்குக் கடை போடுபவர், உனக்கு நினைவிருக்கும். உடனே சம்மதித்தார்.

உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன். சாப்பாட்டுப் பெட்டியை நினைத்தால் கை வேலை செய்யாமல் நிற்கிறது. அதனால்தான் இதைக் கேட்கிறேன். அந்த மருந்து உன்னை ஏற்கவில்லை. உடம்பே வேண்டாம் என்கிறது. போதும், நிறுத்திவிட்டு ஏப்ரலுக்கு வந்துவிடு. சித்தியாக வந்து பிள்ளைக்குப் பக்கத்தில் நில். உன் பாஸ்போட்டிலும் இன்னும் ரோகினி என்றுதான் இருக்கிறது. கொழும்பில் இப்போது சந்திக்குச் சந்தி செக்பொயின்ட். மீசையோடு வந்து அந்தப் பாஸ்போட்டை நீட்டினால் உன்னை எங்கே கொண்டுபோவார்கள் என்று யாருக்குத் தெரியும்?

மூன்றாவது போத்தலும் இதோடு வருகிறது.

அக்கா


லண்டன்
29.12.2006

அக்கா,

போன வாரம் கிளினிக்கில் புது நர்ஸ் ஒருவர் இருந்தார். மருந்தைத் தவிர உடம்பில் வேறு என்ன பூசுகிறாய் என்று கேட்டார். இத்தனை மாதத்தில் யாரும் அதைக் கேட்கவில்லை. அடுத்த நாள் போத்தலைக் கொண்டுபோய்க் காட்டினேன். மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தார். எவ்வளவு, எங்கே, எப்போது என்று கேட்டார். சொன்னேன். எண்ணெய் ஊறிய தோலில் மருந்து ஒழுங்காக இறங்காது என்றார்.

வீட்டுக்கு வந்து உங்கள் பார்சல்களில் இருந்த முத்திரைத் திகதிகளையும் என் எண்களையும் ஒரு தாளில் எழுதினேன். போத்தல் வந்த பிறகு ஏழு. போத்தல் தீர்ந்த பிறகு பதினேழு. அடுத்த போத்தல், ஆறு.

உடம்பு வேண்டாம் என்று சொல்லவில்லை, அக்கா. எண்ணெய்தான் சொல்லியிருக்கிறது.

ஒன்று கேட்கவேண்டும். கேட்பது அநியாயம் என்று தெரிந்தே கேட்கிறேன். உங்களுக்கு இது தெரியுமா? தெரிந்துதான் அனுப்பினீர்களா?

"நமக்குக் கூடப்பிறந்த ஆண் இல்லையே" என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு, என்னிடமே, அதை எழுதியிருக்கிறீர்கள். வேண்டுமென்று எழுதவில்லை என்று தெரியும். நினைவே இல்லாமல் எழுதியிருக்கிறீர்கள், அதுதான்.

மருந்தை நிறுத்தமாட்டேன். ஏப்ரலுக்கு வரமாட்டேன். சித்தியாக நிற்க எனக்குத் தெரியாது, முப்பது வருடம் முயன்று பார்த்தாயிற்று. அம்மாவின் காரியத்தைத்தான் எனக்குச் சொல்லாமல் முடித்தீர்கள். பிள்ளைக்காவது நல்லபடி முடியட்டும்.

இனி எண்ணெய் அனுப்பவேண்டாம்.

சின்னராசா

மூன்றாவது போத்தலில் பாதி மிச்சம் இருக்கிறது. கொட்ட மனம் வரவில்லை. ஜன்னலில் இருக்கிறது.


நோட்டன் பிரிட்ஜ்
11.02.2007

தம்பிக்கு,

உன் கடிதம் வந்த நாளிலிருந்து நான்கு தாள்களைக் கிழித்தாயிற்று. இது ஐந்தாவது.

எனக்குத் தெரியாது. எண்ணெய் மருந்தை மறிக்கும் என்று தெரியாது. சூட்டைத் தணிக்கும் என்று மட்டும்தான் தெரியும். எனக்கு எட்டியது அவ்வளவுதான்.

ஆனால் அதோடு நிறுத்தினால் கடிதம் பொய்யாகிவிடும். உனக்குத் திரும்ப வந்தது என்று ஒக்டோபரில் நீ எழுதியதைப் படித்தபோது, ஒரு கணம் எனக்கு நிம்மதியாக இருந்தது. சாப்பாட்டுப் பெட்டி வரைக்கும் படிக்குமுன், அந்த ஒரு கணம். ரோகினி திரும்பி வருகிறாள் என்று. எண்ணெய் தெரியாமல் செய்ததைத் தெரிந்து ஆசைப்பட்டேன். நீ கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான்.

அம்மா விஷயத்திலும் நான் தெரியாமல் செய்தது ஒன்றுமில்லை. அவள் கடைசி இரண்டு நாளும், "சின்னவ பேசினாளா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். செத்த அன்று காலையில் உனக்குத் தந்தி அடிக்க அத்தான் ஆளை அனுப்பப் பார்த்தார். நான்தான் வேண்டாம் என்றேன். தொலைபேசியில் கேட்ட அந்தக் குரல் வீட்டு வாசலில் வந்து நின்றால் என்ன சொல்வது என்று பயந்தேன். பதினாறு நாள் காத்திருந்தேன். நீ கேட்கவில்லை. நானே சொல்கிறேன்.

இனி இங்கே நடந்ததைச் சொல்கிறேன். பொங்கலுக்கு முந்திய வாரம் லோஜினி என் விஞ்ஞானப் புத்தகத்தை எடுத்திருக்கிறாள். அதற்குள், நீ முதல் கடிதத்தோடு அனுப்பி நான் ஒளித்து வைத்த உன் படம். கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

"இது யாரும்மா? மூக்கு சித்தி மாதிரியே இருக்கு."

"சித்திதான்."

அவள் அசையாமல் பார்த்தாள். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன், மருந்து, பெயர், எல்லாம். பாடம் போலத்தான் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு, "அப்ப எனக்கு மாமா இருக்காரு" என்றாள்.

நான் படத்தைத் திரும்பப் புத்தகத்துக்குள் வைத்தேன்.

"இருக்காருல்ல? அப்பறம் எதுக்கு அந்தச் செல்லசாமி மாமா? கிட்ட வந்தாலே வெத்தல நாறுது. எம்மேல துப்பிருவாருன்னு பயமா இருக்கு."

பதின்மூன்று வயது. நான் எட்டு மாதமாக எழுதி எழுதிக் கிழித்ததை ஒரு கூட்டல் கணக்கு மாதிரிப் போட்டுவிட்டாள். எனக்கு உடனே சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. அடுப்பில் சோறு வெந்துகொண்டிருந்தது. போய்க் கிளறினேன்.

போன ஞாயிறு செல்லசாமி அண்ணன் வந்திருந்தார். "கார்டுல எம்பேரக் கொஞ்சம் பெருசா போட்ருங்க தங்கச்சி. லண்டன் தங்கச்சி பேரு கீழ சின்னதா இருந்தா போதும்" என்றார். அத்தான், "அதெல்லாம் சரியா போட்ருவோம்" என்றார். அவர் போன பிறகு அத்தானிடம் உன் பேச்சை எடுத்தேன். அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, "அந்தப் பேச்சு இந்த வீட்ல வேணாம். யாரோ ஒருத்தர் நிக்கணும், நிக்கிறாரு" என்றார். கத்தவில்லை. கத்தியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

நீ எண்ணெய் வேண்டாம் என்றாய். சரி, அனுப்பவில்லை. ஆனால் ஜன்னலில் இருக்கும் பாதிப் போத்தலை வீணாக்காதே. காலையில் தோளில் எண்ணெய் கூடாது. தோள் மருந்துக்குத்தான். எண்ணெயைத் தலைக்கும் காலுக்கும் மட்டும் வை. அதையும் உன் நர்ஸிடம் கேட்டுவிட்டு வை. வெள்ளிக்கிழமை என்று நான் எழுதியது பிழை. வெள்ளி, செவ்வாய் பெண்கள் முழுகும் நாள். அப்பா சனிக்கிழமைதான் எண்ணெய் வைப்பார். தண்ணீர் விழும் பீலிக்கரையில் உட்கார்ந்து தலையில் தட்டித் தட்டி வைப்பார், ஞாபகம் இருக்கிறதா? நீயும் சனிக்கிழமை வை.

நேற்று ஹட்டனுக்குப் போய் அழைப்பிதழுக்கு எழுதிக் கொடுத்தேன். அச்சகக்காரர் மாயாண்டி எனக்குப் பழக்கமானவர், பாடசாலை வினாத்தாள் எல்லாம் அவரிடம்தான். தாளை வாசித்துக்கொண்டே வந்து நிறுத்தினார்.

"டீச்சர், தாய்மாமன்னு போட்டு வெறுமையா விட்டிருக்கீங்களே?"

"திங்கட்கிழமை புரூப் பாக்க வரும்போது சொல்றேன்."

"பேரு மறந்து போச்சா?" என்று சிரித்தார்.

"இல்ல, ஞாபகம் இருக்கு" என்றேன்.

நாளை திங்கட்கிழமை. பாடசாலைக்கு அரை நாள் லீவு எழுதி வைத்துவிட்டேன். காரணம் பல்வலி. முதல் பஸ்ஸில் போவேன். அந்த இடத்தில் 'சின்னராசா, லண்டன்' என்று என் கையாலேயே எழுதிக் கொடுப்பேன். மற்ற எழுத்துகளின் அதே அளவில். முந்நூறு கார்டுகள். வீட்டுக்கு வந்த பிறகு அத்தான் பார்ப்பார், செல்லசாமி அண்ணன் பார்ப்பார், தோட்டத்தில் காலையில் பேர் பதியும் பெரட்டுக்களத்தில் ஆளுக்கு ஆள் கையில் வைத்துப் பார்ப்பார்கள். என்ன நடக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். பயம் வருகிறதா என்று காத்திருந்தேன். வரவில்லை. அதுவும் மரத்துப்போயிருக்கலாம். மரத்துப்போன கன்னத்தோடும் பேசலாம்தானே, கொஞ்சம் கோணலாக வரும், அவ்வளவுதான்.

நீ வரவேண்டும் என்று கேட்கவில்லை. அந்தப் பாஸ்போட்டோடு வரவே வேண்டாம். அன்றைக்கு மாலை போட யாரும் வராவிட்டால் பரவாயில்லை, மாலை தட்டில் இருக்கட்டும். மாமன் இருக்கிறான், தூரத்தில் இருக்கிறான் என்று நான் சொல்லிக்கொள்கிறேன்.

இதை அத்தானிடம் சொல்லவில்லை. லோஜினியிடமும் சொல்லவில்லை. இந்த உறையை இப்போது ஒட்டப்போவதும் இல்லை. கார்டு அடித்து வந்ததும் முதல் கார்டை உள்ளே வைத்துத்தான் ஒட்டுவேன். அதுவரை உனக்கும் தெரியாது.

அக்கா
ஜெயமலர்